ஆஷ் மரங்களும் பச்சை வண்டும்: ரொறன்ரோ நகரசபை செய்தது சரியா?

வளவுக்காரி (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். மரம் பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு வழி சொல்லுங்கள்.

நாங்கள் போன வருடம் வாங்கிய வீட்டின் பின்வளவில் பெரிய ஆஷ் மரம் ஒன்று நிற்கிறது. வேலி அதன் அடிமரத்தை முட்டிக்கொண்டுதான் போகிறது. பாதி எங்கள் பக்கம், பாதி பக்கத்து வீட்டுக்காரர் பக்கம். இந்த வருடம் உச்சியில் சில கொப்புகள் துளிர்க்கவில்லை. மரங்கொத்தி வேறு விடியமுன்னரே வந்து தட்டத் தொடங்கிவிடுகிறது. அது கொத்தின இடமெல்லாம் பட்டையின் மேல்தோல் போய் வெளிறிக் கிடக்கிறது. வீட்டை விற்றவர் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மரத்துக்கு ஊசி போடுவித்தவர் என்று பக்கத்து வீட்டுக்காரர் இப்போதுதான் சொல்கிறார். விற்கும்போது கூரையைக் கதைத்தார்கள், ஃபர்னஸைக் கதைத்தார்கள், மரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று. எங்கள் தெருவில் நகரசபை நட்ட ஆஷ் ஒன்றுகூட மிச்சமில்லை. தங்கச்சி இருக்கிற தெருவில் மட்டும் நாலைந்து பெரிய ஆஷ் மரங்கள் ஜம்மென்று நிற்கின்றன. அவையும் நகரசபை மரங்கள்தான். அங்கே இருப்பவர்கள் வேறு வரியா கட்டுகிறார்கள்?

மரக்காரன் (மார்க்கம்)

அக்கா, நான் மரம் வெட்டுகிற, பராமரிக்கிற தொழிலில்தான் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் ஆஷ் போரர் என்ற வண்டுக்குத்தான் பொருந்துகிறது.

உலோகப் பச்சை நிறம், நீளம் ஒன்றரை சென்ரிமீற்றருக்கும் குறைவு. பார்க்க அழகான வண்டுதான். சீனா, கொரியா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி அதன் ஊர். அங்கேயுள்ள ஆஷ் மரங்கள் காலம் காலமாக அதோடு வாழ்ந்தவை, தாக்குப்பிடிக்கும். நம்முடையவைக்கு அந்தப் பழக்கம் இல்லை. 2002-ல் டெட்ரோயிட்டிலும் வின்ட்சரிலும் கண்டுபிடித்தார்கள். ஆனால் செத்த மரங்களின் வளையங்களைப் பார்த்தவர்கள், அது 90களிலேயே வந்திறங்கிவிட்டது என்கிறார்கள். ரொறன்ரோவில் பிடிபட்டது 2007-ல்.

வண்டு இலையைக் கடிப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது புழு. பட்டைக்கு அடியில், இலை சமைத்த சாப்பாட்டை வேருக்குக் கொண்டுபோகிற சதையைத் தின்றபடி வளைந்து வளைந்து போகும். செத்த ஆஷின் பட்டையைப் பிடித்து இழுத்தால் தகடாகக் கழன்று கையோடு வரும். உள்ளே பார்த்தால் இடியாப்பம் பிழிந்து விட்ட மாதிரி பாதைகள், எல்லாம் மரத்தூள் அடைத்தபடி. அந்தப் பாதைகள் மரத்தைச் சுற்றி வளைத்துவிட்டால் கதை முடிந்தது. வண்டாகி வெளியே வரும்போது மூன்று, நான்கு மில்லிமீற்றரில் ஓட்டை போடும். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. வேறு பூச்சி அப்படிப் போடுவது குறைவு. ஆனால் கீழே நின்று தேடினால் தெரியாது, ஏனென்றால் பெரும்பாலும் உச்சியில்தான் தொடங்கும். அடிமரத்தில் ஓட்டை தெரிகிற நேரம் வண்டு குடியேறிச் சில வருடமாவது ஆகியிருக்கும்.

ஊசி பற்றி: உச்சி 30 சதவீதத்துக்கு மேல் காய்ந்துவிட்டால் போட்டும் பலன் குறைவு. மருந்தை மேலே தூக்குவது மரமேதான், அந்தக் குழாய்கள் அறுந்துவிட்டால் எப்படி ஏறும்? அதற்குள் இருந்தால் கோடையில் போடலாம். அடிமரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளை போட்டு அழுத்தத்தில் செலுத்துவோம். இங்கே அதிகம் பாவிக்கிற மருந்து ட்ரீஅசின். வேப்பங்கொட்டைச் சாறுதான் அது. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தோல் உரிக்கவிடாமல் செய்துவிடும்.

தங்கச்சியின் தெரு விஷயம்: பெருத்து, நல்ல ஆரோக்கியமாக இருந்த தெருவோர மரங்களில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துத்தான் நகரசபை ஊசி போட்டது. மற்றவை வெட்டுக்குப் போயின. உங்கள் தெரு மரங்கள் சிறிதாக இருந்திருக்கும், அல்லது பார்க்க வந்த நேரம் ஏற்கெனவே காய்ந்திருக்கும்.

சும்மாவாசகன்

வேப்பங்கொட்டை என்றால் தமிழ்க் கடையில் வேப்பெண்ணெய்ப் போத்தல் இருக்கிறதே. சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தால் போதாதா? அம்மா ரோசாச்செடிக்கு அதுதான் அடிப்பா.

மரக்காரன் (மார்க்கம்)

தம்பி, ரோசாச்செடியில் பூச்சி இலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும். இது பட்டைக்கு அடியில். நாலு மாடி உயர மரத்துக்கு எங்கே நின்று அடிப்பீர்கள்? அடித்தாலும் உள்ளே போகாது. துளை போட்டு எண்ணெயை ஊற்றலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. தயவுசெய்து வேண்டாம். ட்ரீஅசின் மரத்துக்குள் ஏறுகிற மாதிரித் தயாரித்தது, உரிமம் உள்ளவர்தான் போடலாம்.

பழையரொறன்ரோ

நான் இந்த ஊருக்கு வந்து கனகாலம். எனக்கு இந்த நகரசபையில் கோபம் உண்டு, ஒளிக்கவில்லை. 2003-ல் ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கம், வோன் நகரத்துக்கும் ரொறன்ரோவுக்கும் எல்லையில் ஆசிய நீள்கொம்பு வண்டு வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, உடம்பைவிட நீளமான கொம்பு. மேப்பிளைத் தின்கிற வண்டு. அப்போது கனேடிய உணவுப் பரிசோதனை முகவரகம் வந்து தயவு தாட்சண்யம் இல்லாமல் கிட்டத்தட்ட 30 ஆயிரம் மரங்களை வெட்டிச் சிப்ஸாக்கியது. நோய் இல்லாத மரத்தையும் விடவில்லை, வண்டு இருந்த மரத்தைச் சுற்றி 400 மீற்றருக்குள் அது தின்னக்கூடிய எல்லாமே போயிற்று. நாங்கள் திட்டினோம். ஆனால் 2013-ல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதே வருடம் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் திரும்பத் தலைகாட்டியது. அங்கேயும் வெட்டினார்கள், 2020-ல் அதுவும் முடிந்தது.

அப்படிச் செய்யத் தெரிந்தவர்கள் ஆஷ் வண்டு வந்தபோது ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்? நகரத்தில் எட்டு லட்சத்து அறுபதாயிரம் ஆஷ் மரம். முழுத் தெருவும் மொட்டையான இடங்கள் உண்டு.

மரக்காரன் (மார்க்கம்)

அண்ணை, கையைக் கட்டி நிற்கவில்லை, செய்து பார்த்துத் தோற்றார்கள். 2004-ல் சாத்தம்-கென்ட் பக்கம், ஈரி ஏரியில் இருந்து செயின்ட் கிளெயர் ஏரி வரை பத்துக் கிலோமீற்றர் அகலத்துக்கு ஆஷ் மரமே இல்லாத பட்டி ஒன்று வெட்டினார்கள். பல்லாயிரம் மரம். வண்டு அதைத் தாண்டிப் பறக்காது என்பது நம்பிக்கை. வெட்டி முடிக்கிற நேரம் வண்டு ஏற்கெனவே பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. மேலே நான் சொன்னதுதான் காரணம், கண்ணில் படுகிற நாளில் அது பல வருடம் மூத்தது.

நீள்கொம்பு வண்டு வேறு ரகம். பெரியது, சோம்பேறி, பிறந்த மரத்திலேயே திரும்பத் திரும்ப முட்டையிடும். அது போடுகிற ஓட்டை வட்டமாக, விரல் நுனி போகிற அளவு. யாருக்கும் தெரியும். அந்த இரண்டு தடவையும் பொதுமக்கள் பார்த்துச் சொல்லித்தான் பிடிபட்டது. ஆஷ் வண்டுக்கு அதே கோடரியைத் தூக்கியிருந்தால் எங்கே நிறுத்துவது?

கணக்குப்பிள்ளை (பிரம்டன்)

ஒழிக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒழிக்க முடியாது என்றால் வெட்டுவதுதான் வழி என்று ஆகாது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தைப் பாருங்கள். வண்டு அங்கே பெரிதாகப் பரவ முன்னரே, 2009-ல், 28 ஆயிரம் அளவு தெருவோர ஆஷ் மரங்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். எமாமெக்டின் பென்சோயேட் என்ற வேறு மருந்து. வருடத்துக்குப் பாதி மரம், அடுத்த வருடம் மறுபாதி. அவர்கள் போட்ட கணக்கு எளிது: மரத்தை வெட்ட ஒரு செலவு, வேரைக் கிளற ஒரு செலவு, புதிது நட ஒரு செலவு, அது நிழல் தருகிற அளவுக்கு வளர இருபது, முப்பது வருடம். ஊசி அதைவிட மலிவு. நம் பக்கத்து ஓக்வில்லும் தன் பெரிய மரங்களில் பெரும்பகுதிக்கு ஊசி போட்டது.

நிழல் என்றால் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 15 மாநிலங்களில் வண்டு வந்த இடங்களைப் பார்த்து 2013-ல் ஒரு ஆய்வு வந்தது. மரம் போன மாவட்டங்களில் இதய நோயாலும் நுரையீரல் நோயாலும் இறந்தவர்கள் கூடியிருந்தார்கள், மொத்தம் 21 ஆயிரத்துக்கு மேல் என்று கணக்கு. அதற்கு மரம்தான் காரணம் என்று நிரூபித்துவிட்டதாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் நகரசபை வரவுசெலவில் மரம் வெட்டுகிற செலவுக்கு ஒரு பதிவு இருக்கிறது, வெயிலில் ஒருவர் விழுவதற்குப் பதிவு இல்லை.

இன்னொரு கணக்கு, இதுதான் எனக்கு உறுத்துவது. ரொறன்ரோவில் ஒரு கோடிக்குச் சற்று மேல் மரங்கள் என்று நகரசபையே 2010 அளவில் மதிப்பிட்டு வெளியிட்டது. அதில் தெருவோரம் நின்றவை வெறும் 6 சதவீதம். 60 சதவீதம் தனியார் காணிகளில். அதாவது நாம் இங்கே சண்டை பிடிக்கிற ஊசித் திட்டம் மிகச் சின்னப் பங்குக்குத்தான். மிச்சத்தை வீட்டுக்காரர் தலையில் விட்டாயிற்று. காசு உள்ளவன் ஊசி போட்டான். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டு மோர்ட்கேஜ் கட்டுகிறவன் பின்வளவு மரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எங்கே போவான்? எந்தப் பகுதியில் ஆஷ் மிஞ்சியது, எந்தப் பகுதியில் மிஞ்சவில்லை என்று வரைபடம் போட்டால் வருமான வரைபடம் மாதிரியே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பழையரொறன்ரோ

இது சரி. நான் சொல்ல வந்ததைத் திருத்தமாகச் சொல்லிவிட்டீர்கள்.

மரக்காரன் (மார்க்கம்)

கணக்கில் ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். ஊசி ஒரு தடவை அல்ல. மரம் நிற்கும்வரை. இப்போது வளவுக்காரி அக்காவின் மரத்துக்கு நடந்தது அதுதான், கை மாறியதும் நின்றுபோயிற்று. நகரசபையிலும் மேயர் மாறுவார், பட்ஜெட் வெட்டுவார்கள். ஒரு சுற்றுத் தவறினால் அதுவரை போட்ட காசு முழுக்க மண். அதோடு, அக்கம்பக்கத்து ஆஷ் எல்லாம் சாகிற காலத்தில்தான் வண்டுக்கூட்டம் உச்சத்தில் இருக்கும். அந்த அலை ஓய்ந்த பிறகு ஊசியின் இடைவெளியைக் கூட்டலாம் என்பார்கள். அதுவரை தாங்கவேண்டும்.

ஏழை பணக்காரன் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன். நான் ஊசி போடப் போகிற தெருக்கள் எவை என்று எனக்குத் தெரியும்.

செத்த ஆஷை வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மற்ற மரம் மாதிரி செத்து நின்று வருடக்கணக்கில் காய்ந்து கிடக்கும் என்று நினைக்காதீர்கள். ஆஷ் செத்தால் சீக்கிரம் முறியத் தொடங்கும். நாங்கள் அதில் ஏறுவதில்லை, லொறியில் கூடை வைத்துத்தான் போவோம். லொறி நுழைய இடமில்லாத பின்வளவு என்றால் கூலி அப்படியே ஏறும். தள்ளிப்போடப் போட விலை கூடுகிற வேலை இது.

ஸ்கிட்மனிதன் (மிசிசாகா)

நான் வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சாமான் அடுக்கி வருகிற மரத் தட்டைத்தான் ஸ்கிட் என்போம், ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கிட் கையால் போகும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலானவற்றின் காலில் ஒரு சுட்ட முத்திரை இருக்கும், கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டுக் குறி, எச்.டி. என்று எழுத்து. இவ்வளவு காலமும் கம்பனி அடையாளம் என்று நினைத்தவர்கள் எங்கள் ஷிப்டில் பாதிப் பேர். அது மரத்தை உள்ளே வரை 56 பாகை சூட்டில் 30 நிமிடம் வைத்துப் புழுவைக் கொன்றாயிற்று என்பதற்கான சர்வதேச முத்திரை. ஆஷ் வண்டும் இப்படியான பொதி மரத்தில்தான் வந்திறங்கியது என்கிறார்கள், அந்த விதி 2002-ல்தான் வந்தது. வண்டு கண்டுபிடித்ததும் அதே வருடம். அதாவது கதவு பூட்டத் தொடங்கியபோது கள்ளன் உள்ளே.

முத்திரை இல்லாத ஸ்கிட் இன்னும் இடைக்கிடை வருகிறது. முன்பு ஓரிடத்தில் வேலை செய்தபோது சுப்பர்வைசரிடம் காட்டினேன், "உனக்கு அது தேவையில்லாத வேலை, இறக்கு" என்றார். இப்போது வேலை செய்கிற இடத்தில் அப்படி இல்லை, ஒதுக்கி வைத்துவிட்டு அழைப்பு எடுக்கிறார்கள். உடைந்த ஸ்கிட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் எரிக்கிற நண்பர்கள், முத்திரையை ஒருக்கால் பாருங்கள்.

வளவுக்காரி (ஸ்காபரோ)

எரிக்கிறது என்றதும் விறகு ஞாபகம் வருகிறது. கோடையில் அல்கொங்குவின் பார்க்குக்கு முகாம் போகும்போது எங்கள் ஆட்கள் விறகை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள், பார்க்கில் விலை கூட என்று. அது பிரச்சினையா?

மரக்காரன் (மார்க்கம்)

பெரிய பிரச்சினை. வண்டு தன் பாட்டில் பறந்தால் வருடத்துக்குச் சில கிலோமீற்றர். வான் வண்டியில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் அல்கொங்குவின். போகிற இடத்தில் வாங்குங்கள், அங்கேயே எரித்துவிடுங்கள், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

கோவைநிலம் (கோயம்புத்தூர்)

இணையத்தில் தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது, நான் கனடா ஆள் இல்லை. வேளாண்மை படித்தவன். எங்கள் பக்கம் 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் வெள்ளை அப்பிப் போனது, விவசாயிகள் தோட்டத்தையே அழித்தார்கள். மருந்து அடித்து ஓய்ந்துபோன பிறகு 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்து அசிரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு குளவியை வரவழைத்துப் பெருக்கி விட்டார்கள். ஒரே வருடத்துக்குள் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. அந்த மாதிரி இதற்குக் குளவி கிடையாதா?

ரூஜ்நடை (ஸ்காபரோ)

இருக்கிறது ஐயா. சீனாவில் இருந்து கொண்டுவந்த டெட்ராஸ்டிகஸ் என்ற குளவியை 2013 முதல் கனடாவிலும் விடுகிறார்கள். பட்டைக்கு மேலேயிருந்து குத்தி உள்ளேயிருக்கிற புழுவில் முட்டையிடும். ஆனால் அதன் ஊசி குட்டை. பட்டை தடித்த பெரிய மரத்தில் எட்டாது, இளம் மரத்தில்தான் வேலை செய்யும். அதனால் மாவுப்பூச்சி மாதிரி சட்டென்று அடங்கவில்லை. இப்போதுள்ள பெரிய மரங்களுக்கு அது உதவாது, முளைத்து வருகிற கன்றுகளுக்கு உதவலாம்.

நான் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் கிழமைக்கு ஒருதரமாவது நடக்கிறவள். நீங்கள் எல்லோரும் தெருவோர மரத்தையும் வளவு மரத்தையும் கதைக்கிறீர்கள், பள்ளத்தாக்குகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அங்கே ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. நடைபாதைக்கு மேல் விழக்கூடியவற்றை மட்டும் அறுத்து அப்படியே கிடத்திவிட்டுப் போகிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன், கிடக்கிற கட்டை உக்கி மண்ணாகும். ஆனால் மேலே கூரை திறந்து வெயில் விழுந்த இடத்தில் முளைப்பது ஆஷும் மேப்பிளும் இல்லை. பக்தோர்ன் முள்மரமும், ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு படர்கிற டோக்-ஸ்ட்ராங்ளிங் வைன் என்ற கொடியும்தான். இரண்டும் ஐரோப்பாவில் இருந்து வந்தவை. வண்டு மரத்தைக் கொன்றது ஒரு பாதி, அந்த இடத்தை யார் பிடிக்கிறார்கள் என்பது மறுபாதி. அதற்குக் காசு ஒதுக்குவதை யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள்.

ஒரு நல்ல விஷயமும் சொல்கிறேன். இங்கேயே பிறந்த குளவி ஒன்று இருக்கிறது, செர்செரிஸ். பேஸ்போல் மைதானத்து மணலில் குழி தோண்டிக் கூடு வைக்கும். இந்த வண்டுக் குடும்பத்தைத்தான் வேட்டையாடும். கோடையில் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து, அது என்ன வண்டைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று பார்த்தால் போதும், அந்தப் பகுதியில் ஆஷ் போரர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒன்ராறியோவில் தொண்டர்கள் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். கொட்டாது, பயப்பட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை (பிரம்டன்)

வளவுக்காரி, சட்டப் பக்கம் ஒன்று. அடிமரம் எல்லையில் நின்றால் அது இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து. ஒன்ராறியோ வனச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அவருடைய சம்மதம் இல்லாமல் வெட்டினால் குற்றம். அவருக்கும் அதுவேதான். அதற்கு மேல் ரொறன்ரோ துணைவிதி: தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் தனியார் மரத்துக்கும் அனுமதி வேண்டும். செத்த மரத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் செத்தது என்பதை நகரசபைக்கு முதலில் காட்டவேண்டும். கோடரிக்காரன் சொன்னான் என்று வெட்டிவிட்டுப் பிறகு காட்ட முடியாது.

வளவுக்காரி (ஸ்காபரோ)

எல்லோருக்கும் நன்றி. ஒரு ஆர்பரிஸ்ட் (மர நிபுணர்) வந்து பார்த்துவிட்டுப் போனார். உச்சி கால்வாசி காய்ந்திருக்கிறதாம். இந்தக் கோடையில் ஊசி போட்டால் பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, உத்தரவாதம் தரமாட்டேன் என்றார். பக்கத்து வீட்டுக்காரருடன் கதைத்தேன், செலவில் பாதி தருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். மரம் விழுந்தால் அவருடைய கராஜுக்கு மேல்தான் விழும், அதுவும் ஒரு காரணம்!

முன்பக்கம் நகரசபை வெட்டின இடத்தில் ஒரு மரம் வைக்கலாம் என்று இருக்கிறோம். மேப்பிள் வைப்போமா?

ரூஜ்நடை (ஸ்காபரோ)

மேப்பிள் வேண்டாம், ஏற்கெனவே இந்த ஊரில் மேப்பிள் கூடிப்போச்சு. அறுபது, எழுபதுகளில் எல்ம் மரங்கள் நோயில் செத்தபோது அந்த இடங்களில் ஆஷைத்தான் வரிசை வரிசையாக நட்டார்கள். சீக்கிரம் வளரும், உப்பைத் தாங்கும் என்று. ஒரு தெருவில் ஒரே மரம் என்றால் ஒரு பூச்சி போதும். ஒரே இனம் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மரக்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள், ஆனால் நர்சரியில் இருக்கிறதைத்தான் நடுவார்கள். ஹக்பெரி, கென்டக்கி கொஃபி மரம் என்று கேட்டுப் பாருங்கள். ஓக் நல்ல மரம், ஆனால் 2023-ல் நயாகராவில் ஓக் வாடல் நோய் கண்டுபிடித்தார்கள், அதனால் தெரு முழுக்க ஓக் வேண்டாம், ஒன்று இரண்டு போதும்.

முன்பக்கத்து நிலம் நகரசபையுடையது என்றால் நீங்கள் வாங்கவே தேவையில்லை. நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டால் இலவசமாக வந்து நடுவார்கள். உடனே வரமாட்டார்கள், வரிசை உண்டு.

சும்மாவாசகன்

வாழை கேட்டால் தருவார்களா?

ரூஜ்நடை (ஸ்காபரோ)

கேட்டுப் பாருங்கள் தம்பி. ஆனால் வளவுக்காரி, பின்வளவில் ஏதாவது வைக்கிற எண்ணம் இருந்தால் லீஃப் என்ற அமைப்பு இருக்கிறது, ஆள் அனுப்பி இடம் பார்த்துச் சலுகை விலையில் நட்டுத் தருவார்கள். நீங்களே நடுவதென்றால் தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அழைத்து காஸ் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று அடையாளம் போடுவித்துக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம்தான். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் தவறவிடாதீர்கள், கிழமைக்கு ஒருதரம் வேர் வரை இறங்குகிற மாதிரி.